இல்லை என்று சொல்லப்பட்டவை

1976-ஆம் வருடம் மாசி மாதம் பதினோராம் தேதி காலையில் குரும்பகரம் கிராமத்துச் சுப்பையனின் ஏழு மா நிலம் வயல்வெளியில் இல்லை. முந்தின நாள் பொழுது சாயும் வரை அங்கேதான் இருந்தது; உளுந்து பூவெடுத்திருந்தது. காலையில் சுப்பையன் போய்ப் பார்த்தபோது வடக்கே சிதம்பரநாதனின் வரப்பும் தெற்கே பாசன வாய்க்காலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பள்ளம் இல்லை, வெடிப்பு இல்லை. காரைக்காலிலிருந்து அளவைக்காரர் வந்து சங்கிலி போட்டுப் பார்த்தார். பக்கத்து வயல்கள் எதுவும் ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை, ஊர்தான் ஏழு மா குறைந்திருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியப் பேருந்தில் திரும்பிப் போனார். அந்த வயலில் இரை தேடிப் பழகிய கொக்குகள் இரண்டு நாள் அந்த இடத்துக்கு மேலே சுற்றிவிட்டு வேறு பக்கம் போயின.

அதற்கு முதல் நாள்தான் சுப்பையனிடம் எவ்வளவு நிலம் என்று கேட்கப்பட்டிருந்தது. கேட்டவள் எலேன் என்ற பிரெஞ்சுக்காரி. கேள்வியைத் தமிழாக்கிச் சொன்னவள் அதே ஊர் அஞ்சுகம். நில உச்சவரம்புச் சட்டம் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. காணி வைத்திருப்பவனும் அரைக்காணி வைத்திருப்பவனும் ஒரே மாதிரி பயந்துகொண்டிருந்தார்கள். சுப்பையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கு ஏதும்மா நெலம்? குந்த எடம் கெடையாது. கூலிக்குப் போறவன்னு எழுதிக்கச் சொல்லு" என்றார். அந்த வயலின் வரப்பு வழியாகத்தான் அஞ்சுகம் பத்து வருடம் பள்ளிக்கூடம் போய்வந்திருந்தாள். ஆனாலும் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் பிரெஞ்சில் சொன்னாள். எலேன் நீல அட்டை போட்ட குறிப்பேட்டில் சுழியம் போட்டாள்.

அஞ்சுகத்துக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அவளுடைய அப்பா பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கொம்யூன் என்ற ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். மகள் பிரெஞ்சு படித்தால் ராணி மாதிரி இருக்கலாம் என்று நம்பி அவளைப் படிக்கவைத்தார். அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே கொடி மாறியது. பேசி முடித்திருந்த மாப்பிள்ளை கப்பலேறிப் பிரான்சின் மார்செய்க்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டான். அப்பா, அம்மா இறந்த பிறகு அண்ணன் தெட்சிணாமூர்த்தியின் வீட்டில் சோறு வடித்துக்கொண்டு, யாராவது கேட்டால் மனு எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பெயரே கிளி என்பதால், பிரெஞ்சுக்காரிக்குச் சொன்னதைச் சொல்லுகிற ஒரு கிளி தேவைப்பட்டபோது ஊரில் யாரும் அதிசயப்படவில்லை. தனக்குள் பூட்டிக்கிடந்த ஒரு மொழியைத் திறந்து காற்றாட விடலாம் என்ற ஒரே ஆசையில் அவள் அந்த வேலைக்குச் சம்மதித்தாள்.

எலேன் முந்தின கார்த்திகையில் லியோன் நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தாள். கொடி மாறிய பிறகு குடும்பங்களும் நிலமும் எப்படி மாறின என்பது அவளுடைய ஆராய்ச்சி. இருநூறு வீடுகள், வீட்டுக்கு அறுபத்துநான்கு கேள்விகள். லியோனில் அந்தக் கேள்விகளைத் தயாரித்தவர்களுக்கு, ஒரு கேள்வி கேட்க எங்கே உட்காருவது என்பது தெரிந்திருக்கவில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் மேயராக இருந்த சிதம்பரநாதன் தன் நெல் அறையை ஒழித்துக் கொடுத்தார். அங்கே தங்கியதால் கீழத்தெருக்காரர்கள் அவளைப் பண்ணையின் ஆள் என்றார்கள். கீழத்தெருவில் தண்ணீர் வாங்கிக் குடித்ததால் மேலத்தெருக்காரர்கள் குவளையைக் கவிழ்த்து வைத்தார்கள். பெண்களைக் கேட்டால் ஆண்கள் பதில் சொன்னார்கள். ஒருவரைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று அஞ்சுகம் சொன்னால், தனியாகக் கேட்க என்ன ரகசியம் என்று பத்துப் பேர் கூடினார்கள். ஒலிப்பதிவுக் கருவியில் காக்கை கத்துவதும் உலக்கை சத்தமும்தான் தெளிவாகப் பதிந்தன. அதற்குப் பேட்டரி வாங்க நாகப்பட்டினம் போக வேண்டியிருந்தது. நெருக்கடி நிலை நாட்கள் அவை. திங்கட்கிழமைதோறும் அவள் காரைக்காலில் ஓர் அலுவலகத்துக்குப் போய்க் குறிப்பேட்டைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். அவளை உளவாளி என்றார்கள், கிறிஸ்தவ வேதத்தில் சேர்க்க வந்தவள் என்றார்கள், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்தவள் என்றார்கள். செல்லக்கண்ணுவின் மனைவி குஞ்சம்மா, இரண்டு பேரும் படலைத் திறப்பதைப் பார்த்ததும் கரைத்து வைத்திருந்த சாணித் தண்ணீரை அவர்கள் காலடியில் கொட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சுப்பையனுக்கு அடுத்து லோகாம்பாள் வீட்டுக் கிணறு போனது. வீட்டுத் தண்ணீர் வசதி பற்றிய பதினெட்டாம் கேள்விக்கு அவள், கிணறு கிடையாது, குளத்துத் தண்ணீர்தான் என்று சொல்லியிருந்தாள். காலையில் கொல்லையில் கயிறும் வாளியும் மட்டும் சமதரையில் கிடந்தன. மாரிக்கண்ணுவின் பசு போனது. கன்று வெறும் முளைக்குச்சியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. வீட்டில் சண்டை சச்சரவே இல்லை என்று சொன்ன ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மறுநாள் முதல் சண்டை போட முடியாமல் போனார்கள். முப்பது வருடமாக அது ஒன்றே பேச்சாக இருந்ததால், அதன்பின் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைக் கேள்விப்பட்டு ஒருவர் ஆசையோடு வந்து தனக்கு நான்கு ஜோடி மாடு இருப்பதாகச் சொல்லி எழுதவைத்தார். ஒரு மாடும் வரவில்லை. இல்லை என்பதற்குத்தான் அந்தக் குறிப்பேட்டில் பலம் இருந்தது.

ஊர் இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டது. பிரெஞ்சுக்கார மதாம் எழுதுவதெல்லாம் பிரான்சுக்குப் போய்விடுகிறது என்றார்கள். சுப்பையனின் உளுந்து இந்நேரம் லியோனில் காய்த்திருக்கும் என்றார்கள். அதனால் எதையும் குறிப்பேட்டில் ஏறவிடக்கூடாது என்று முடிவு செய்து, கேட்டதற்கெல்லாம் இல்லை, இல்லை என்றார்கள். ஒவ்வொரு இல்லைக்கும் ஒரு பொருள் போனது. போகப் போக இன்னும் அழுத்தமாக இல்லை என்றார்கள். உண்மை, பொய் இரண்டும் தெரிந்தவள் அஞ்சுகம் ஒருத்திதான். எது எதனால் போகிறது என்பது நான்காவது வீட்டிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், அப்போதுதான் நிற்கும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். உளவாளி வேறு என்ன சொல்வாள் என்று கேட்டார்கள். பொதுக் கிணற்றில் அவள் வரும்போது பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். அண்ணி சொர்ணாம்பாள் அவளுக்கு இலையைத் தாழ்வாரத்தில் போட ஆரம்பித்தாள்.

எலேனிடமும் சொன்னாள். எலேன் சுப்பையனின் வாய்க்கால் கரையைத் தானே போய்ப் பார்த்தாள்; கிணறு இருந்த இடத்தில் நின்று பார்த்தாள். எலேன் பொய் சொல்பவள் அல்ல. ஓரத்தில், ‘நிலம் காணப்படவில்லை, காரணம் தெரியவில்லை’ என்று தேதியிட்டு எழுதினாள். ஆனால் அறுபத்துநான்கு கேள்விகளில் அதற்கு இடம் இருக்கவில்லை. சொன்னதை மட்டும் சொல், நீ நினைப்பதைச் சொல்லாதே என்று அஞ்சுகத்திடம் கண்டிப்பாகக் கூறினாள்.

செல்லக்கண்ணு வீட்டுக்கு அவர்கள் இரண்டாம் முறை போனது வைகாசியில். இந்தத் தடவை கதவைச் சாத்த முடியாமல் சிதம்பரநாதனே நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்; சுற்றிலும் ஆண்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப் பக்கத்து ஊரான விழிதியூர் வரை வந்துவிட்டதாகப் பேச்சு இருந்தது. பிள்ளைகள் எத்தனை என்ற கேள்வி வந்ததும் செல்லக்கண்ணு, வாசலில் நிறுத்தியிருந்த இரண்டு பையன்களைக் காட்டினான்.

"ரெண்டு" என்றான்.

மூத்தவள் அல்லிக்கு ஒன்பது வயது. கைக்குழந்தைக்கு எட்டு மாதம். இரண்டையும் அஞ்சுகம் அன்று காலையில்தான் குளத்தங்கரையில் பார்த்திருந்தாள். "ரெண்டுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

"ரெண்டுன்னா ரெண்டுதான். வேற கெடையாது."

கதவு இடுக்கில் குஞ்சம்மாவின் ஒரு கண் தெரிந்தது. ஒரு கை அல்லியின் வாயைப் பொத்தியிருந்தது. ஆண்கள் முன்னால் வராத பழக்கம் அவளை நிலைக்கு அந்தப் பக்கமே நிறுத்தியிருந்தது. அஞ்சுகத்துக்குச் சாணித் தண்ணீர் நினைவில் இல்லாமல் இல்லை. கன்று வெறும் முளைக்குச்சியைப் பார்த்துக் கத்தியதும் நினைவில் இருந்தது. அவள் பிரெஞ்சில் நான்கு என்றாள்.

எலேனின் பேனா நின்றது. ஆறு மாதத்தில் அவள் தமிழில் பத்து வரை எண்ணக் கற்றிருந்தாள். "ரெண்டு" என்று தமிழிலேயே சொல்லி, செல்லக்கண்ணுவைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள். அதனால் கூடியிருந்தவர்கள் எல்லோருக்கும் அஞ்சுகம் வேறு எதையோ சொல்லியிருக்கிறாள் என்று விளங்கிவிட்டது.

"நீ என்ன சொன்ன?" என்றார் சிதம்பரநாதன்.

"நாலுன்னு சொன்னேங்க."

"பெத்தவன் ரெண்டுங்கிறான்."

"அப்படி எழுதுனா ரெண்டு போயிடுங்க" என்றாள் அஞ்சுகம்.

செல்லக்கண்ணு எழுந்து நின்றான். அடிக்க ஓங்கிய கையைச் சிதம்பரநாதன் பார்த்த பார்வைக்காக இறக்கிக்கொண்டான். எலேன் நெடுநேரம் யோசித்து, நான்கு என்று எழுதி, அதற்குக் கீழே தகப்பன் இரண்டு என்கிறான் என்றும் எழுதினாள். மறுநாள் காலையில் நான்கு பிள்ளைகளும் இருந்தன. அதற்காக அஞ்சுகத்துக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. போகாத ஒன்றுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

அன்று மாலையே எலேன் அவளை வேலையிலிருந்து நிறுத்தினாள். இதற்கு முந்தைய எழுபத்துமூன்று வீடுகளில் எத்தனை பதில்களை மாற்றினாய் என்று கேட்டாள். ஒன்றைக்கூட மாற்றவில்லை, மாற்றியிருக்க வேண்டும் என்றாள் அஞ்சுகம். எலேனுக்கு அழுகை வந்தது. நிலம் காணாமல் போனால் அதற்கு நான் பொறுப்பில்லை, என் காதில் விழும் சொல் மாறிப்போனால் என் ஆறு மாதமும் காணாமல் போகும் என்றாள். இரண்டு பேரும் பேசியது பிரெஞ்சில். அந்த மொழியில் அஞ்சுகம் கோபமாகப் பேசியது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். எலேன் பயன்படுத்திய சொற்களைவிடத் தன் சொற்கள் பழையவையாக, பள்ளிக்கூடப் புத்தகத்தில் உள்ளவையாக இருப்பதை அப்போது கவனித்தாள்.

திங்கட்கிழமை குறிப்பேடு வழக்கம்போல் காரைக்காலில் பார்வையிடப்பட்டது. எட்டாம் நாள் ஜீப் வந்தது. நான்கு பிள்ளை பெற்றவன் யார் என்று கேட்டு, களத்தில் நின்ற செல்லக்கண்ணுவை வேட்டி முண்டாசோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து அவனைக் கொண்டுவந்து விட்டார்கள். அறுத்த புண் பழுத்து இரண்டு மாதம் பாயில் கிடந்தான். எலேன் காரைக்காலுக்கு ஓடிப்போய்ச் சண்டை போட்டாள். உள்நாட்டு விவகாரத்தில் தலையிட்டால் விசா ரத்தாகும் என்று நாற்காலி போட்டு உட்காரவைத்து மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். ஊர் எலேனை ஒன்றும் செய்யவில்லை. அவள் வெள்ளைக்காரி, போய்விடுவாள். அஞ்சுகத்தின் மீது வீதியில் கல் விழுந்தது.

எலேனுக்கு இன்னொரு வேலை இருந்தது. பழைய பதில்களை நம்பலாமா என்று சோதிக்க வேண்டும். எழுபத்துநான்கு வீடுகளில் இருபதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தாள். புதிய மொழிபெயர்ப்பாளராகக் காரைக்காலிலிருந்து நாகூர் மீரான் என்பவர் வந்தார். வியட்நாமின் சைகோனில் இருபது வருடம் துணிக்கடை வைத்திருந்து திரும்பியவர். பிரெஞ்சு நன்றாகத் தெரியும், குரும்பகரத்தில் ஒருவரையும் தெரியாது. இருபது வீட்டிலும் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: நீங்கள் சொன்னதை அஞ்சுகம் சரியாகச் சொன்னாளா? ஜீப் வரக் காரணமானவளை ஊர் ஏற்கக்கூடாது என்று சிதம்பரநாதன் முன்கூட்டியே ஆள் விட்டு, எல்லோரும் ஒரே பதில் சொல்லும்படி ஏற்பாடு செய்திருந்தார். முதல் வீட்டில், எந்த அஞ்சுகம் என்று கேட்டார்கள். அப்படி ஒருத்தி இந்த ஊரில் இல்லை என்றார்கள். இரண்டாம் வீட்டிலும் அதுதான். நாகூர் மீரான் சொன்னதைச் சொன்னபடி சொன்னார். எலேன் முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை. சொன்னதை மட்டும் எழுதும் விதி விதிதான் என்று, இல்லை என்றே எழுதிக்கொண்டாள்.

ஏழாவது சீட்டு தெட்சிணாமூர்த்தி வீடு. அஞ்சுகம் அடுப்படியில் இருந்தாள். வாசலில் அண்ணன் குரல் கேட்டது. "எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்லீங்க" என்றான். குரல் தடுமாறவில்லை. அவள் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, அது கொதிக்கும் வரை அங்கேயே நின்றாள். மறுநாள் காலையில் சொர்ணாம்பாள் அவள் படுத்திருந்த பாயை, அவள் மேலே இருக்கும்போதே, சுருட்டி எடுத்து வைத்தாள். கூப்பிட்டதற்கு அண்ணன் திரும்பவில்லை. நடிக்கிறான் என்றுதான் அஞ்சுகம் முதலில் நினைத்தாள். எதிரே போய் நின்றபோது அவன் கண் அவளைத் தாண்டி, மாடத்தில் இருந்த சவரக்கத்தியைத் தேடியது. கிணற்றடிப் பெண்கள் விலகவில்லை. விலக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஒருத்தி குடத்தை அஞ்சுகத்தின் இடுப்பு இருந்த இடத்தின் வழியாகவே தூக்கிக்கொண்டு போனாள். வலிக்கவில்லை, ஈரம் மட்டும் பட்டது.

மூன்றாம் நாள் இருபதாவது வீட்டுக்கு அவர்கள் போனபோது அவளும் பின்னால் போனாள். வேறு போக்கிடம் இல்லை. அது செல்லக்கண்ணு வீடு. பத்தொன்பது வீடும் முடிந்துவிட்டதால் சிதம்பரநாதன் நிம்மதியாகப் படலோரம் நின்றார். செல்லக்கண்ணு பாயில் காய்ச்சலோடு கிடந்ததால் பதில் சொல்ல ஆண் இல்லை. குஞ்சம்மா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலையைத் தாண்டி வெளியே வந்து நின்றாள். நாகூர் மீரான் கேள்வியைக் கேட்டார்.

"இருக்குங்க" என்றாள் குஞ்சம்மா. "அஞ்சுகம் இருக்கு. எங்க வீட்டுல இருக்கு."

சிதம்பரநாதன் கனைத்தார். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"சரியா சொன்னாங்களாம்மா?" என்றார் நாகூர் மீரான்.

"எம் புருஷன் பொய் சொன்னாரு. அது நெசத்தச் சொல்லிச்சு. எம் புள்ளைங்க நாலும் இருக்கு. அது சொன்னதாலதான் ஜீப்பும் வந்துச்சு. அதுவும் நெசந்தான். ரெண்டயும் எழுதிக்கச் சொல்லுங்க."

எலேன் இரண்டையும் எழுதினாள். மறுநாள் காலையில் குஞ்சம்மாவின் அடுப்படியில் அஞ்சுகம் உட்கார்ந்திருப்பதை முதலில் பார்த்தவள் அல்லி. குஞ்சம்மா திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு லோட்டா நீராகாரத்தை நகர்த்தினாள். முறத்தில் அரிசி இருக்கிறது, கல் பொறுக்கு என்றாள். சாணித் தண்ணீரைப் பற்றியும் ஜீப்பைப் பற்றியும் அவர்கள் இரண்டு பேரும் பிறகு ஒருநாளும் பேசவில்லை. செல்லக்கண்ணு இரண்டு வருடம் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் இருக்கிறாள் என்பதை அவன் மறுக்கவும் இல்லை.

எங்க வீட்டுல என்று குஞ்சம்மா சொன்னதால் அஞ்சுகம் அந்த வீட்டில் மட்டும் இருந்தாள். படல் தாண்டினால் இல்லை. ஆடி மாதம் எலேன் பெட்டிகளோடு பேருந்து ஏறியபோது, அவளுக்கு மூன்று முழம் தள்ளி அஞ்சுகம் நின்றிருந்தாள். எலேன் வண்டி நகரும் வரை தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டேயிருந்தாள். ஆறு வருடம் கழித்து அவளுடைய ஆராய்ச்சிப் புத்தகம் தபாலில் சிதம்பரநாதனுக்கு வந்தது. அதில் உதவியவர்கள் பட்டியலில் நாகூர் மீரானின் பெயர் இருந்தது. இருபதில் பத்தொன்பது வீடுகள் இல்லை என்று சொன்ன ஒருத்திக்கு நன்றி தெரிவிக்க அந்தத் துறையில் முறை கிடையாது போலும்.

நெருக்கடி நிலை போனது. போன நிலமும் கிணறும் திரும்பி வரவில்லை. சுப்பையன் கூலிக்குப் போனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் பென்ஷனுக்கு எழுத வேண்டியவர்கள், பாரிசில் பிள்ளைகள் இருந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராகக் குஞ்சம்மாவின் படலைத் திறந்தார்கள். உள்ளே உட்கார்ந்து அஞ்சுகத்திடம் வேண்டியதைச் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு, வெளியே கால் வைத்ததும் அப்படி ஒருத்தி இல்லை என்றார்கள்; வெளியே கால் வைத்த பிறகு அது உண்மையும்கூட. 1979-இல் சிதம்பரநாதனே வந்தார். பிரான்சில் துலூசில் இருந்த மகனுக்குத் தமிழ் மறந்துபோயிருந்தது. அரை நாள் உட்கார்ந்து மனதில் கிடந்ததையெல்லாம் சொன்னார். தழுதழுத்த இடங்களையும் அஞ்சுகம் அப்படியே எழுதினாள். வாசலில் வண்டிக்காரன், உள்ளே யாருடன் ஐயா பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டதற்கு, யாரும் இல்லை என்று சொல்லி வண்டியில் ஏறினார். தெட்சிணாமூர்த்தி ஒரு தடவையும் வரவில்லை. 1981-இல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த ஆசிரியர் அந்த வீட்டில் உட்கார்ந்து எண்ணியபோது ஏழு பேர். தெருவில் நின்று சரிபார்த்தபோது ஆறு பேர். மூன்று முறை ஏறி இறங்கிவிட்டு, உட்கார்ந்து எழுதுவதுதான் வசதி என்று உள்ளே வந்து ஏழு என்று எழுதினார்.

அல்லி பத்தாவது தேறி, 1986-இல் திருவேட்டக்குடியில் பால்வாடி வேலைக்குப் போனாள். அங்கே கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்குப் பேசினாள். வீட்டுக்காரி காசியம்மா மீன் வியாபாரி. குரும்பகரத்துச் சங்கதி எதுவும் தெரியாதவள். ஒண்டியாகவா இருக்கப் போகிறாய் என்று கேட்டாள்.

"இல்லக்கா, எங்க சித்தியும் இருக்காங்க" என்றாள் அல்லி.

திங்கட்கிழமை காலைப் பேருந்தில் அல்லி ஒரு துணிப்பையோடும் தண்ணீர்ப் பானையோடும் ஏறி, பக்கத்து இருக்கையில் யாரையும் உட்காரவிடாமல் கையை வைத்துக்கொண்டு வந்தாள். கண்டக்டர் ஒரு டிக்கெட் கிழித்தார். திருவேட்டக்குடி வீட்டின் நிலையை அல்லி தாண்டினாள். அவளுக்குப் பின்னால் தாண்டிய அஞ்சுகத்தைப் பார்த்த காசியம்மா, சித்தி இவ்வளவு மெலிவாக இருக்கிறார்களே என்று சொல்லி நான்கு சங்கரா மீனை ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அஞ்சுகம் இரண்டு வீடுகளில் இருந்தாள்.